ஒல்லாந்து அறையில் ஒரு வயலின் பாடம்

நான் வேலை செய்த லண்டன் ஓவியப் படக்கூடத்தில் இப்போது மூன்று அறைக்கு ஒரு காவலர்தானாம். மிச்சத்தைக் கமரா பார்க்கிறதாம். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் வவுனியாப் பிள்ளை ஒருத்தி போனில் சொன்னாள். "உங்கட காலத்திலை அறைக்கு ஒராள் எண்டு ஏன் அங்கிள் வச்சவை? நாள் முழுக்க ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டா விசர் பிடிக்காதோ?" என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். ஆனால் கமராவை ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிட்டு, நடுவில் நிறுத்தி, நீ என்ன கண்டாய் என்று கேட்கமாட்டார்கள். என்னைக் கேட்டார்கள். அவளுக்குப் போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் கப்பல் ஏறினேன். கிரேக்கத்தில் இறங்கினேன். ரொட்டர்டாமில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் சட்டி கழுவினேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்த பிறகு பேக்கரி, பெற்றோல் ஷெட், ஆஸ்பத்திரி லோண்டரி என்று மாறிக்கொண்டே இருந்தேன். லோண்டரியில் துணி மூட்டைகளின் மேல் சில மாதம் படுத்திருக்கிறேன். சூடாக இருந்தது, அதனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரிடத்தில் கால் நிலைக்காது. யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால், அடுத்த இடம் தேடும் நேரம் வந்துவிட்டது என்று நினைப்பேன்.

படக்கூடத்துக்குப் போனதும் படத்துக்காக அல்ல. மாரிகாலம். உள்ளே ஹீற்றர் இருந்தது, உடுப்பும் சப்பாத்தும் அவர்களே தருவார்கள் என்றார்கள். என்னை வேலைக்கு எடுத்தவர் தலைமைக் காவலர் மிஸ்டர் ஹார்வுட். முன்பு சரக்குக் கப்பலில் இருந்தவர். நான் இறங்கி ஏறிய துறைமுகங்களைப் பற்றிக் கேட்டார், படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.

ஹார்வுட் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோரையும் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார். அறைக்குள் வந்து என் பக்கத்தில் நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, "உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது, மிஸ்டர் சிவம்?" என்பார். திரும்பாமல் சொல்ல வேண்டும். காலையில் கதவு திறக்குமுன் டோர்ச் லைட்டோடு ஒவ்வொரு படத்தையும் சுற்றி வர வேண்டும், இடப்பக்கக் கீழ் மூலையில் தொடங்கி, சட்டத்தின் ஓரமாக. படத்தின் நடுவைப் பார்க்க வேண்டியதில்லை. "நடுவைப் பார்க்கச் சனம் வரும். ஓரத்தைப் பார்க்க எங்களைத் தவிர ஒருவரும் இல்லை" என்பார்.

அவர் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்த விதி ஒன்று. மாற்றுக்கு வரும் ஆள் அறைக்குள் வந்து நிற்கும்வரை நாங்கள் அறையை விட்டுப் போகக் கூடாது. வாசலில் நின்று கையைக் காட்டினால் போதாது. இரண்டு காலும் உள்ளே வர வேண்டும். மைக்கேல் என்ற அயர்லாந்துக்காரர் ஒருநாள் வாசற்படியில் நின்று பகிடி விட்டார். "ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பாதி அறையை விட்டுப் போ, சிவம்" என்றார். நானும் சிரித்துக்கொண்டு புறப்பட்டேன். பின்னால் நின்ற ஹார்வுட் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் பழைய இடத்துக்கு அனுப்பி, மாறுவதை முதலிலிருந்து செய்ய வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டு நின்றது.

முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்பதும் அவர் சொன்னதுதான். முகம் அவரவர் சொந்த விஷயமாம், கைதான் எங்கள் விஷயமாம். கோபத்தோடு ஒருவன் அறைக்குள் வந்தால் என்ன செய்வது என்பதை, சுருட்டிய பேப்பர் ஒன்றை என் கையில் தந்து, என்னையே கோபக்காரனாக்கிக் காட்டினார். நான் ஓங்கிக்கொண்டு போனேன். அவர் பதறவில்லை. பக்கத்துப் படத்துக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு வந்து நின்றார். என் கையிலிருந்த பேப்பரைக் கேட்டார், அதுவும் மிக மெதுவாக. "அவனிடம் ஏன் என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு அவனிடம் ஆயிரம் பதில் இருக்கும். கையில் இருப்பதைக் கேளுங்கள். கொடுப்பதா விடுவதா என்று யோசிக்கிறவன் அடிக்க மறந்துவிடுவான்." அந்தப் பாடம் எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னை ஒல்லாந்துப் படங்கள் இருந்த அறையில் விட்டார்கள். எங்கள் ஊரில் ஒல்லாந்தர் என்றால் கோட்டை. அவர்கள் வீட்டுக்குள் இருந்து சங்கீதம் படித்தார்கள் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அந்த அறையில் பாதிப் படங்கள் அதுதான். ஒரு பெண் பெட்டிபோன்ற வாத்தியத்தின் முன்னால் இருந்து கட்டைகளில் விரல் வைத்திருப்பாள். பக்கத்தில் ஒருவன் தொப்பியோடு நிற்பான். நிலத்தில் பெரிய வயலின் ஒன்று கிடக்கும். மேசையில் வைன் சாடி. விளக்கம் சொல்ல வரும் பெண்மணி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அவன் வாத்தியாரா காதலனா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். நிலத்தில் கிடக்கும் வாத்தியம் தன்னை எடுத்துச் சேர்ந்து வாசிக்க ஒருவர் வருவார் என்று காத்திருக்கிறது, அக்காலத்தவருக்கு அது விளங்கும் என்பார்.

என் கண்ணில் பட்டது வேறு. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குச் சங்கீத வாத்தியார் வந்தால் தாய் கதவடியில் இருப்பார். மரக்கறி வெட்டுவார், பூக் கட்டுவார், பாட்டைக் கவனிப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் எழும்பமாட்டார். அவர் அங்கே இருக்கும்வரை அது பாடம். அவர் எழும்பிப் போய்விட்டால் அதற்கு வேறு பெயர். இந்தப் படத்திலும் பின்னால் கதவு திறந்திருந்தது. கதவடியில் ஒருவரும் இல்லை. தாய் எங்கே என்று ஒருநாள் ஹார்வுட்டிடம் கேட்டுவிட்டேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தேநீர் போடப் போயிருப்பாள்" என்றார். பிறகு, "அதுதான் தொந்தரவே, மிஸ்டர் சிவம்" என்றார்.

அப்போது நான் தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், தயாபரனின் வீட்டில் மேலறையில் வாடகைக்கு இருந்தேன். தயா முப்பது வயதுக்காரன், தெருமுனையில் சின்னக் கடை ஒன்று நடத்தினான். முகவரி இல்லாமல் அலைந்த காலத்தில் பேர் ஊர் தெரியாமலே எனக்கு அறை தந்தவன். தகப்பன் ஊரில் ஷெல்லடியில் போய்விட்டார். தாயையும் தங்கை வதனியையும் தயாதான் கூப்பிட்டு எடுத்தான். தாயை நான் அக்கா என்பேன். தயா என்னை அண்ணை என்பான். வதனி மட்டும் அங்கிள் என்பாள். கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிர்மலன் என்ற பெடியன் வீட்டுக்கு வந்து அவளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பான். இரவில் பெற்றோல் ஷெட், சனிக்கிழமை லூயிஷாமில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு. அக்கா குசினி வாசலில் பயற்றங்காய் முறித்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் தயா அதை நிறுத்தினான்.

"வாத்தியார் நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறார், அண்ணை" என்று என்னிடம் சொன்னான். "ஆனா அவை கோயில் மேளக்காரர். ஆக்கள் வேறை. இவள் அவரைப் பார்க்கிற பார்வையும் எனக்குப் பிடிக்கேல்லை."

"நீ கேட்டுப் பார்த்தனியோ?"

"எதைக் கேக்கிறது? ரொறன்ரோவிலை ஒரு என்ஜினியர் பெடியன் பொருந்தியிருக்கு. இந்த நேரம் ஒரு கதை கிளம்பினால் அவளின்ரை பேர் போச்சு. பிறகு ஒருத்தனும் வாசலுக்கு வரமாட்டான்."

வயலின் பெட்டி அலுமாரிக்கு மேல் போனது. வதனி அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

சில கிழமைகள் கழித்து ஒரு புதன் பின்னேரம் அவள் தனியாகப் படக்கூடத்துக்கு வந்தாள். எல்லா அறையையும் சுற்றிவிட்டு என் அறை வாசலில் நின்றாள்.

"அங்கிள், புதனெண்டால் நீங்கள் எப்பவும் இந்த அறையிலையோ?"

"ஓம். இந்த மாதம் இதுதான்."

"நடுவிலை எழும்பிப் போவீங்களோ?"

"தேத்தண்ணிக்கு ஒருக்காப் போவன். ஏன் பிள்ளை?"

"சும்மாதான்" என்று போய்விட்டாள்.

அடுத்த புதன் நிர்மலனோடு வந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அறை நடுவிலிருந்த நீள மர வாங்கில் இருவரும் இருந்தார்கள், இடையில் அவளுடைய புத்தகப் பையை வைத்துக்கொண்டு. வேலை நேரத்தில் வருகிறவர்களோடு கதைக்கக் கூடாது. போகச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன்.

அவள் வலது கையை மடித்து மடியில் வைத்தாள். இடது கை விரல்களை அந்த முன்கையின் மேல், வயலின் கழுத்தில் வைப்பதுபோல் வைத்தாள். நிர்மலன் முழங்காலில் தாளம் போட்டான். சத்தம் இல்லை. அவனது உதடு மட்டும் அசைந்தது. அவளது விரல்கள் முன்கையில் ஏறி இறங்கின. பிழைத்தால் அவன் தாளத்தை நிறுத்துவான். அவள் திரும்பத் தொடங்குவாள். ஒரே வரியை அன்று பின்னேரம் முழுவதும் படித்தார்கள் என்று நினைக்கிறேன். விளக்கம் சொல்லும் பெண்மணி கூட்டத்தோடு வந்து, வாத்தியாரா காதலனா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"சேர், கேட்டீங்களோ?" என்றாள் வதனி.

"என்ன பாட்டுப் படிப்பிக்கிறான் எண்டு மட்டும் அவ சொல்லேல்லை" என்றான் அவன். "நீர் விரலைப் பாரும்."

மாரி முழுவதும் வந்தார்கள். வேலை முடிந்து மிச்சத்துக்குப் போனால் தயா கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வருவான்.

"எப்பிடி அண்ணை இண்டைக்கு? சனமோ?"

"குறைவு."

"நாள் முழுக்கப் படத்தைப் பார்க்கிறதுக்கும் சம்பளம் தாறான் பாருங்கோ" என்று சிரிப்பான். வதனி என் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டு வைப்பாள். நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன்.

இடையில் எங்களை அறை மாற்றினார்கள். என்னை இத்தாலிக்காரரின் பெரிய அறைக்குப் போட்டார்கள். அந்தப் புதன் எனக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பின்னேரம் பார்த்தால் இருவரும் என்னைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அங்கே வாங்கு இல்லை. அம்பு தைத்த மகான் ஒருவரின் படத்துக்குக் கீழே நின்றபடியே படித்தார்கள். கால் கடுத்திருக்கும். அவர்களுக்குப் பழைய அறையில் வாங்கும் இருந்தது, ஆளும் குறைவு. எதற்காக இங்கே வந்து நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஒல்லாந்து அறைக்குத் திரும்பியதும் அவர்களும் திரும்பினார்கள்.

தயாவுக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. மழை பெய்த ஒரு புதன், அவன் பக்கப் படிக்கட்டால் ஏறி வந்தான். அந்த வழியில் குடையை வாங்கி வைக்க ஆள் இல்லை. கையில் நீளமான கறுப்புக் குடை, நுனியில் இரும்பு. தண்ணீர் சொட்டியது.

அறைக்குள் வந்து நேரே வாங்குக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றான். அவன் முன்னால் அவர்கள் இருவர். அவன் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், அந்தச் சங்கீதம் படிக்கும் பெண். மரப்பலகையில் தீட்டிய, கண்ணாடி போடாத படம்.

என் மனம் வாங்கடிக்குப் போகச் சொன்னது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்றிருந்தது. கால் படத்தடிக்குப் போனது. பழக்கப்பட்ட கால். படத்துக்கு முதுகைக் கொடுத்து, தயாவின் பின்னால், அவனுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து நின்றேன். அவனது தோளுக்கு மேலால் வதனியின் முகம் தெரிந்தது.

"எழும்படி" என்றான் தயா.

அவள் எழும்பவில்லை. நிர்மலன் எழும்பினான்.

"உனக்கு வீட்டுக்கு வர வேண்டாமெண்டு சொன்னதுதானே?"

"வீட்டுக்கு வரேல்லை" என்றான் நிர்மலன்.

அவன் பகிடியாகச் சொல்லவில்லை. ஆனால் அது பகிடிபோல் விழுந்தது. தயா குடையைப் பின்னுக்கு ஓங்கினான். நுனி என் நெஞ்சில் வந்து குத்தி நின்றது. நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். என் முதுகுக்கும் படத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்கவில்லை. நான் ஒரு அடி பின்வாங்கினாலும் பலகையில் முட்டுவேன்.

"ஆரடா?" என்று திரும்பினான். "அண்ணை, விடுங்கோ."

"குடையைத் தா தம்பி."

"விடுங்கோ எண்டுறன்!"

"குடையைத் தா. பிறகு கதை."

இழுத்தான். நான் விடவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இழுப்பதை நிறுத்திவிட்டு என் உடுப்பைப் பார்த்தான், வாங்கைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான்.

"நீங்கள் இவ்வளவு நாளும் இதிலை நிண்டு பார்த்துக்கொண்டோ இருந்தனீங்கள்?"

அவனுடைய மற்றக் கை முஷ்டியாவதைக் கண்டேன். அது எனக்கா நிர்மலனுக்கா என்று சொல்ல முடியவில்லை. நிர்மலன் அசையாமல் நின்றான். இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தான்.

"மாலை வணக்கம், சேர். உங்கள் குடையை நான் வாங்கிக்கொள்ளலாமா?"

ஹார்வுட். எப்போது வந்தார் என்று தெரியாது. பெரிய வீடொன்றின் வாசலில் விருந்தாளியை வரவேற்பவர்போல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சத்தம் அவ்வளவு குறைவு. கேட்பதற்காக எல்லோரும் மூச்சை அடக்க வேண்டியிருந்தது. தயாவின் விரல்கள் கைப்பிடியில் இறுகின, தளர்ந்தன. கொடுத்துவிட்டான். "நன்றி, சேர். படிக்கட்டுப் பக்கம் காற்று நன்றாக இருக்கும்" என்று அவனோடு நடந்து போனார். பொலிஸ் வரவில்லை.

பிறகு தனது அறையில் நடந்ததைக் கேட்டார். நின்றபடி, வரிசையாக, யார் கை முதலில் அசைந்தது என்பதிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னேன்.

"உங்களுக்குத் தெரிந்தவர்களா?"

"நான் குடியிருக்கும் வீட்டுக்காரரும் தங்கையும்."

"நீங்கள் படத்தடியில் நின்றது சரி" என்றார். பிறகு குடையை எடுத்து என் கையில் தந்தார். "இது அந்தக் கனவானுடையது. நீங்கள் அங்கேதானே போகிறீர்கள்."

அந்தக் குடையோடு பஸ் ஏறி மிச்சத்துக்குப் போனேன். இறங்கியபோதும் மழை. குடையை விரிக்க மனம் வரவில்லை. நனைந்துகொண்டு போய்த் தயாவின் கையில் கொடுத்தேன். வாங்கி மூலையில் வைத்தான். வீட்டில் யாரும் யாரோடும் கதைக்காமல் ஞாயிற்றுக்கிழமைவரை போனது.

ஞாயிறு மத்தியானம் அக்கா மேலறைக்குக் குரல் கொடுத்தார். இறங்கிப் போனேன். முன்னறையில் தயா இருந்தான். வதனி குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று பின்னேரம் ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து நாள் குறிப்பதாகத் தயா சொல்லியிருந்தான். அதற்கு முன் தான் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அக்கா அவனை நிறுத்தி வைத்திருந்தார்.

தயாதான் தொடங்கினான். "என்ரை வீட்டிலை இருந்துகொண்டு, என்ரை சோத்தைத் திண்டுகொண்டு..."

"சோத்துக் கதை வேண்டாம்" என்றார் அக்கா. "தம்பி சிவம், அவை படிக்கேக்கை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"கதவடியிலை, அக்கா."

"முழு நேரமுமோ?"

"தேத்தண்ணிக்கு மட்டும் போவன். அதுக்கும் மாறுற ஆள் உள்ளுக்கு வந்து நிண்டாத்தான் போகலாம்."

"மாறுறது ஆர்?"

"மைக்கேல் எண்டு ஒரு அயர்லாந்துக்காரர்."

"அவருக்கு எங்கடை கதை விளங்குமோ?"

"விளங்காது."

"அப்ப அந்த நேரம் அவை தனியத்தானே" என்றான் தயா.

வதனி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அங்கிள் தேத்தண்ணிக்குப் போனால் சேர் எழும்பி அடுத்த அறைக்குப் போயிடுவார். அங்கிள் வந்து நிண்டாப் பிறகுதான் வருவார். ஒவ்வொரு முறையும்."

எனக்கு அது தெரியாது. நான் திரும்பி வரும்போதெல்லாம் நிர்மலன் பக்கத்து வாசலால் உள்ளே வருவதைக் கண்டிருக்கிறேன். வேறு படம் பார்க்கப் போயிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். புதனெண்டால் எப்பவும் இந்த அறையிலையோ என்று அவள் கேட்டதும், வாங்கு இல்லாத அறைக்கு என்னைத் தேடி வந்து கால் கடுக்க நின்றதும் எதற்காக என்று அந்த முன்னறையில் நின்றபோதுதான் விளங்கியது. அவள் எனக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை. என்னைக் கதவடியில் இருத்தி வைத்துக்கொண்டுதான் படித்திருக்கிறாள்.

"ஆர் அப்பிடி எழும்பிப் போகச் சொன்னது?" என்று அக்கா கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போனாலும் சேர் வயலினைக் கீழை வைச்சிட்டு முற்றத்திலை போய் நிக்கிறவர்தானே அம்மா. மறந்திட்டீங்களோ?"

"எல்லாம் நாடகம்" என்றான் தயா.

"நாடகமெண்டால் ஆருக்கு ஆடினவை?" என்றார் அக்கா. "பார்க்க இவர் ஒராள்தானே இருந்தவர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தொட்டவரோ?"

"ஒருக்கா. விரல் எங்கை வைக்கிறதெண்டு காட்டத் தொட்டவர். பென்சிலாலை."

"பென்சிலாலையோ?"

"பென்சிலின்ரை நுனியாலை, அக்கா."

தயாகூட ஒரு கணம் என்னைப் பார்த்தான். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

"அப்ப நீங்கள்தான் சொல்லவேணும். நான் இருக்கவேண்டிய இடத்திலை நீங்கள் இருந்திருக்கிறியள். பெடியன் எப்பிடி? குடுக்கலாமோ, ஏலாதோ?"

நான் அதுவரை யாருக்காகவும் வாக்குக் கொடுத்தவன் அல்ல. ஒரு ஊரில் ஒரு மனிதனைப் பற்றி உறுதி சொல்ல வேண்டிய அளவுக்கு எங்கும் நின்றதில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னால் தயா போனை எடுப்பான். வதனி கனடாவுக்குப் போவாள். என் அறை எனக்கு இருக்கும். தயாவின் கண்ணும் அதைத்தான் சொல்லச் சொன்னது. முகவரி இல்லாமல் வந்தவனுக்கு அறை தந்தவனைப்போல் இல்லாமல், ஒரு தம்பியைப்போல் பார்த்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, எனக்கு மனிசரின்ரை முகம் பார்க்கத் தெரியாது. கைதான் பார்க்கத் தெரியும்" என்றேன். "தயா குடையை ஓங்கேக்கை அவர் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டவர். பயந்தவன்ரை கை முன்னுக்கு வரும். அடிக்கிறவன்ரை கையும் முன்னுக்கு வரும். இவர் வதனியின்ரை அண்ணனிட்டை அடி வாங்கிறதெண்டு முடிவெடுத்து நிண்டவர். குடுங்கோ."

தயா எழும்பினான். "நல்லது அண்ணை" என்றான். "இந்த மாதம் முடிய அறையை விடுங்கோ." முன்கதவு அடித்துச் சாத்திய சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. போன் மேசையில் அப்படியே இருந்தது.

கலியாணம் கோடையில், லூயிஷாமில் ஒரு மண்டபத்தில். ஈஸ்ட் ஹாமிலிருந்து தாய்மாமனும் மாமியும் தாரை வார்க்க வந்திருந்தார்கள். தயா வருவான் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அந்த மாதங்களில் அவன் வதனியோடு கடைக்கணக்குத் தவிர வேறொன்றும் கதைத்ததில்லை என்று அக்கா சொன்னார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்தால் பெண்ணின் சகோதரன்தான் கால் கழுவி உள்ளே கூட்டி வர வேண்டும். நிர்மலன் வந்துவிட்டான். பலகையில் காலை வைத்துக்கொண்டு தலைப்பாகையோடு நிற்கிறான். செம்பில் தண்ணீர் இருக்கிறது. ஊற்ற ஆள் இல்லை. நாதஸ்வரக்காரர் அதே கீர்த்தனையைத் திரும்ப எடுத்தார். மேளக்காரரின் காலை ஆர் கழுவுவான் என்று பின்னால் யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஐயர் நேரத்தைப் பார்த்தார். யாராவது ஒரு பெடியன் ஊற்றட்டும் என்று மாமன் சொல்லி, ஒருவன் செம்புக்குக் குனிந்தான்.

"அதை வை" என்று சத்தம் கேட்டது.

தயா கார் நிறுத்தும் இடத்திலிருந்து நடந்து வந்தான். பட்டு வேட்டி கட்டியிருந்தான், சவரம் செய்திருக்கவில்லை. செம்பை வாங்கினான். குந்தியிருந்து ஊற்றினான். ஒரு கால், மற்றக் கால். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. செம்பு காலியாகும்வரை ஊற்றினான்.

"காணும் மச்சான், போதும்" என்றான் நிர்மலன்.

கால் கழுவியவருக்கு மாப்பிள்ளை போடும் மோதிரத்துக்குத் தயா விரலை நீட்டினான். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தான். என்னைக் கடக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்றான்.

"அண்ணை, நீங்கள் சொல்லித்தான் நடக்குது. இனி இவை சண்டை பிடிச்சால் உங்களிட்டைத்தான் அனுப்புவன்."

சிரிக்காமல்தான் சொன்னான். சொன்னபடியே அனுப்பினான். அப்போது நான் ஈஸ்ட் ஹாமில் நகைக்கடை ஒன்றின் மேல் குடியிருந்தேன். தைப்பொங்கலுக்கு முன் ஒரு பின்னேரம் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியேறி வந்தார்கள். என் அறையில் கதிரை ஒன்றுதான் இருந்தது. அதில் வதனி இருந்தாள். நிர்மலன் சுவரோடு நின்றான். நான் கட்டிலில் இருந்து இரண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை, இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, தளபாடக் கடைக்குப் போய் இரண்டு கதிரை வாங்கினேன்.